க்ரோஃபில நூற்பட்டியலும் பெயர் உடையிற பிரச்சினையும்

வவுனியா கம்பசிலயோ கிளிநொச்சி அறிவியல் நகரிலயோ லினக்ஸில ஆங்கிலத்தில தீசிஸ் எழுதிற பிள்ளையள், நூற்பட்டியலைக் கையால அடிச்சு மினக்கெடாதேங்கோ. பழைய யுனிக்ஸில மைக் லெஸ்க் எழுதினது ரெஃபர் எண்ட நூற்பட்டியல் புரோகிராம், அதைப் புதுசா எழுதின வடிவம் இப்ப க்ரோஃப் (groff) எண்ட, ஆவணத்தை அச்சுக்கு வடிவமைக்கிற மென்பொருளோட சேர்ந்தே வருது. ஒரு ஃபைலில புத்தக விவரத்தைப் போடுங்கோ, வரித் தொடக்கத்தில சதவீதக் குறியும் ஏயும் (%A) எண்டா ஆசிரியர், டீ (%T) எண்டா தலைப்பு, டி (%D) எண்டா ஆண்டு, ரெண்டு ஆசிரியர் எண்டா ஏ வரியை ரெண்டு தரம் போடோணும், ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில வெறும் வரி ஒண்டு கட்டாயம் விடுங்கோ. பிறகு தீசிஸுக்குள்ள அந்த ஃபைலின்ர பெயரையும், மேற்கோள் வாற இடங்களில ரெஃபரின்ர குறியளையும் போட்டிட்டு, க்ரோஃபை ஓட்டேக்க பெரிய ஆர் ஆப்ஷனை (-R) குடுங்கோ.

எங்கட ஆக்களுக்கு இனிஷியல்தான் தலையிடி. இனிஷியல் ஒரு வரியில, பெயர் அடுத்த வரியில போய் நிக்கும், பாக்கவே வடிவில்லை. நடுவில ஸ்பேஸுக்குப் பதிலா பேக்ஸ்லாஷும் டில்டேயும் போட்டா ரெண்டும் பிரியாது. நீங்கள் டைப் பண்ணின வரி இனிஷியல் புள்ளியோட முடிஞ்சா க்ரோஃப் அதை வசன முடிவெண்டு நினைச்சு கூட இடம் விடும், புள்ளிக்குப் பின்னால பேக்ஸ்லாஷும் அம்பர்சாண்டும் சேர்த்துவிடுங்கோ. வரித் தொடக்கத்தில சும்மா ஸ்பேஸ் தட்டாதேங்கோ, அந்த இடத்திலயே வரி முறியும்.