கோட்டையும் கோபுரமும் தேடி சைக்கிளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பிரேக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அவை எல்லோருக்கும் தெரியும். கோட்டை, பாழடைந்த நகரம், பழைய பாலம் என்று கிராமப்புறச் சாலைகளில் நின்று நின்று பார்த்துக்கொண்டு பல நாள் போகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு. இதில் பழகியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் செய்தவைதான் அவை. இன்று புதிதாகக் கிளம்புகிறவர்களும் அதே மூட்டையை அதே இடத்தில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லாச் சுமையும் பின்சக்கரத்தில்

பயணத்தையே பாதியில் நிறுத்திவிடும் தவறு இது. வீட்டில் அரை நாள் ஒதுக்கினால் தவிர்த்துவிடலாம் என்பதால்தான் இத்தனை எரிச்சல்.

பின் கேரியரின் இருபுறமும் இரண்டு பெரிய பைகள், மேலே கூடாரமும் படுக்கையும், முன்பக்கம் வெறுமை. முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கல் பாவிய ஒரு சரிவில், பின்னாலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஏதோ கல் தெறித்தது என்று நினைத்து மிதித்துக்கொண்டே போவார்கள். சற்று நேரத்தில் சக்கரத்தின் வெளிவளையமான ரிம், பிரேக் கட்டையில் உரசும். இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்போக் அறுந்து தொங்கும். அதோடு இன்னும் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் பக்கத்திலிருப்பதும் அறுந்துவிடும்.

ஏன் அறுகிறது? சுமையில்லாத சைக்கிளிலேயே மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் பின்னால் 54, முன்னால் 36. இருபது கிலோ மூட்டையையும் பின்னாலேயே ஏற்றினால் பின்சக்கரம் 74 கிலோ சுமக்கிறது, முன்சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு. பைகள் அச்சுக்குப் பின்னால் தள்ளித் தொங்கினால் முன்பக்கம் இன்னும் லேசாகி, ஏற்றத்தில் ஹேண்டில்பார் நிலைகொள்ளாமல் அலையும்.

ஸ்போக் ஒரே இழுப்பில் அறுவதில்லை, களைத்து அறுகிறது. சக்கரம் சுற்றும்போது தரைப்பக்கம் வரும் ஸ்போக் ஒரு கணம் தளர்ந்து, மேலேறியதும் பழையபடி இறுகும். 700சி என்ற பொது அளவுச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 60 கிலோமீட்டர் போனால் 28,000 சுற்றுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஸ்போக்கும் ஒரே நாளில் அத்தனை முறை தளர்ந்து இறுகுகிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்து ஒடிப்பது போலத்தான் இது. சுமை கூடினால் ஒவ்வொரு தளர்வும் பெரிதாகிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் துளைக்குள் ஸ்போக் வளைந்து நுழைகிற இடத்தில்தான் பெரும்பாலும் விரிசல் விழும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின் ஹப்பின் வலப்புறம் பற்சக்கர அடுக்கான கேசட் இடத்தை அடைத்துக்கொள்வதால், ரிம்மை நடுவில் நிறுத்த வலப்பக்க ஸ்போக்குகளை அதிகம் இறுக்க வேண்டியிருக்கிறது. பயணத்தில் அறுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதை மாற்ற கேசட்டைக் கழற்றியாக வேண்டும், கழற்றும் கருவியோ பையில் இருக்காது. ‘தடித்த ஸ்போக் போட்டால் சரியாகிவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். தளர்வாகக் கட்டிய தடித்த ஸ்போக்கைவிட, சீராக இறுக்கிய 2 மி.மீ. ஸ்போக் நெடுநாள் உழைக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது:

பின்சக்கரத்தில் குறைந்தது 32 ஸ்போக் இருக்கட்டும். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 120 கிலோவைத் தாண்டினால் 36. சக்கரத்தைக் கையால் கோத்துப் பழகியவரிடம் கொடுத்து, கோட்டம் எடுப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு பக்கமும் இறுக்கம் சீராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இணையாகப் போகும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையால் பலமாக அழுத்திவிட்டு மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். பிறகு மூட்டையோடு 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை.

இருபது கிலோ சுமையில் எட்டு கிலோவை முன் கேரியரில், அச்சின் உயரத்துக்குத் தொங்கும்படி மாற்றுங்கள். கருவிகள், உதிரிகள், தண்ணீர் போன்ற கனமானவை பையின் அடியில் போகட்டும். தூக்கி நிறுக்கும் சிறு தராசில் ஒவ்வொரு பையையும் நிறுத்துப் பார்த்து, இடதுக்கும் வலதுக்கும் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் வராமல் அடுக்குங்கள். ஹேண்டில்பார் பையில் மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கார்பன் என்றால் அதில் கேரியரைக் கவ்விப் பிடிக்க வைக்காதீர்கள். அதற்கென்று திருகுத் துளை இல்லாத ஃபோர்க் என்றால் சுமையைத்தான் குறைக்க வேண்டும்.

முன், பின் இடது, பின் வலது என்று மூன்று நீளத்திலும் உதிரி ஸ்போக் வேண்டும். மற்றவற்றில் இரண்டிரண்டு, பின் வலதில் மூன்று. ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு திருகான நிப்பிளோடு சேர்த்து சைக்கிள் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஸ்போக் சாவியும் கேசட் கழற்றும் கருவியும் கருவிப்பையில் இருக்கட்டும்.

அப்படியும் வழியில் அறுந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். அறுந்ததைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றிக் கட்டுங்கள். அதற்கு இருபுறமும் உள்ள இரண்டு ஸ்போக்குகளின் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ரிம்மின் ஆட்டம் குறையும், போதாவிட்டால் இன்னொரு அரைச் சுற்று. அப்போதும் உரசினால் பின் பிரேக்கைத் தளர்த்தி, கனத்தை முன்னுக்கு மாற்றி, நிதானமாக அடுத்த ஊர் வரை போகலாம். இறக்கத்தில் இறங்கித் தள்ளுங்கள்.

கிலோமீட்டரை மட்டும் வைத்து நாளைத் திட்டமிடுவது

வரைபடத்தில் 90 கிலோமீட்டர், நடுவே மூன்று கோட்டைகள், ஒரு மடாலயம் என்று ஒரே நாளில் போட்டுவிடுகிறார்கள். மூட்டையோடு சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். கோட்டை கட்டியவர்கள் ஏறுவதற்குச் சிரமமான இடத்தைத்தான் தேடிப் பிடித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. மொத்த எடை 110 கிலோ, கால்கள் நீடித்துத் தரும் சக்தி 120 வாட் என்றால், 100 மீட்டர் உயரம் ஏறக் குறைந்தது 15 நிமிடம். ஊரிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோட்டைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் தனி.

அதனால் மூட்டையோடு போகும் நாளில் 60 கிலோமீட்டர், ஒரு பெரிய இடம், ஒன்றிரண்டு சின்ன இடம் போதும். பெரிய இடத்தைக் காலையிலேயே பாருங்கள். மாலையில் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேரும்போது கடைசி அனுமதி நேரம் முடிந்திருக்கும். வார விடுமுறை எந்த நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

வரலாற்றுச் சின்னங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் தினமும் மூட்டை கட்டிக்கொண்டு நகராமல், ஒரே ஊரில் இரண்டு மூன்று இரவு தங்குவது மிக நல்லது. கம்போடியாவின் அங்கோரில் கோயில்களைச் சுற்றும் சிறு சுற்று 17 கிலோமீட்டர், பெரிய சுற்று 26 கிலோமீட்டர். இரண்டையும் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் பைகளை இறக்கி வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் சுற்றி வரலாம். முழு மூட்டையோடு அந்த வழியில் மிதிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

காற்றுக்கு எதிரான திசை

பயணத்தின் திசையையும் ஒரு முறை யோசியுங்கள். கி.பி. 122இல் ரோமானியர்கள் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் வடக்கு இங்கிலாந்தின் குறுக்கே சுமார் 117 கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று. மேற்கில் தொடங்கிக் கிழக்கே போனால் காற்றே தள்ளிவிடும்.

பழைய கல் சாலையில் கல்லாய் இறுகிய டயர்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் வரை காற்றடிப்பது சிலருக்குப் பழக்கம். கல் பாவிய வழியில் அப்படிப் போனால் ஒவ்வொரு அதிர்ச்சியும் கேரியர் திருகுக்கும் ஸ்போக்குக்கும் நேராகப் போய்ச் சேரும். 38 முதல் 42 மி.மீ. டயர் போடுங்கள். மூட்டையோடு பின்னால் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), முன்னால் 40 என்று தொடங்கிப் பாருங்கள். ரிம் கல்லில் இடித்தால் ஐந்து கூட்டுங்கள்.

கி.மு. 312இல் ரோமானியர்கள் போடத் தொடங்கிய ஆப்பியன் சாலையில், ரோமுக்கு வெளியே, பழைய பெரிய கற்கள் அப்படியே கிடக்கும் பகுதிகள் இருக்கின்றன. கற்களின் இடைவெளி மெல்லிய டயரை விழுங்கிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் ஓரமாக மண் தடம் இருந்தால் அதில் போங்கள், இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டு போங்கள். கல் சாலை ஒரு நாள் வந்தால் அன்று மாலையே கேரியரின் எல்லாத் திருகுகளையும் தொட்டுப் பாருங்கள். முதலில் கழன்று விழுவது அவைதான்.

புதுச் சீட்

புதுச் சீட்டோடு கிளம்பாதீர்கள். குறைந்தது 200 கிலோமீட்டர் உட்கார்ந்து பழகியதாக இருக்கட்டும்.

முதுகில் பை

வேண்டாம்.

சைக்கிளை எங்கே விடுவது என்று யோசிக்காமல் போவது

பல சின்னங்களில் பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போக இடமும் இருக்காது. வாசலில் போய் நின்று விழிப்பதைவிட, தங்கும் இடத்தில் பைகளை இறக்கிவிட்டு வருவதே வழி. மூட்டையோடு வந்தே ஆக வேண்டுமென்றால் கூட வருபவரும் நீங்களும் மாறி மாறி உள்ளே போங்கள். பணம், கடவுச்சீட்டு, கேமரா மூன்றும் ஹேண்டில்பார் பையிலேயே இருந்து, அது ஒரே இழுப்பில் கழன்று கையோடு வரவேண்டும்.

சைக்கிளைப் பழைய சுவரில் சாய்க்கவே சாய்க்காதீர்கள். பெடலின் முனை சுதையைச் சுரண்டும், ஹேண்டில்பாரின் நுனி மென்கல்லில் பள்ளம் போடும். மூட்டையோடு சரிந்தால் ஒரு கையகலப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். அதை யாரும் பழையபடி ஒட்டித் தர முடியாது. கல் கைப்பிடியிலும் தூணிலும் பூட்டுச் சங்கிலி சுற்றுவதும் அதே போலத்தான். ஸ்டாண்டு மண்ணில் புதைகிறதென்று இடிபாட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளங்கை அளவுப் பலகைத் துண்டு ஒன்றைக் கயிறு கோத்துக் கேரியரில் தொங்கவிட்டால் போதும்.