அட்டையில் இல்லாத பெயர்

பென்ஷனில் மாதாமாதம் 497 ரூபாய் பிடித்தார்கள்; மருத்துவக் காப்பீடு இருக்கிறதென்று நிம்மதியாக இருந்தேன். மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்றபோதுதான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். என் பெயர் மட்டுமே! ஓய்வூதியரின் துணைக்கும் தமிழக அரசுத் திட்டத்தில் இடமுண்டு. மறுநாளே பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) புத்தகம், அவள் ஆதார், எங்கள் ஜோடிப் புகைப்படம் எல்லாவற்றோடும் கருவூலத்துக்குப் போனேன். இரண்டு நடையில் பெயர் ஏறியது.

இன்னொன்றையும் தப்பாக நினைத்திருந்தேன். 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தின் 5 லட்சம் ரூபாய் வரம்பு, ஆண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுக்கும் சேர்த்துத்தான். மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருந்தால் போதாது, எலும்பு சிகிச்சைக்கும் அங்கீகாரம் வேண்டும். அதைக் கேட்ட பிறகே அவளைச் சேர்த்தேன். தயவுசெய்து இன்றே உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்.