ஊட்டியில் பூஸ்ட் ஏற்றும் முன்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள பழைய காரை மலைக்குக் கொண்டுவந்ததும் வரும் முதல் புலம்பல், "வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பூஸ்டை ஏத்திடலாமா?" என்பதுதான். பூஸ்ட் என்றால் வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கொடுக்கும் கூடுதல் அழுத்தம்.

சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.77 பார், மேட்டுப்பாளையத்தில் 0.97. பூஸ்டைக் கட்டுப்படுத்தும் பழைய வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டுமே பார்க்கும். பூஸ்ட் மீட்டர் அதே 0.7 பார் காட்டினாலும் இன்ஜினுக்குப் போகும் காற்று குறைவு.

சரி, இங்கேயே 0.9க்கு ஏற்றினால்? டர்போ கூடுதலாகச் சுற்றிச் சூடானாலும் வண்டி ஜோராக ஓடும். வினை மலையடிவாரக் கல்லாறு இறங்கியதும்தான். அங்கே வெளிக்காற்றின் 0.97ஐயும் சேர்த்து மொத்தம் 1.87 பார்! முழு ஆக்சிலேட்டரில் கோலிகுண்டைத் தகரடப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வந்தால் உடனே காலை எடுங்கள். பிஸ்டன் ஓட்டையாகும் முன்னறிவிப்பு அது.

அதனால் பூஸ்டைச் சமவெளியில் வைத்தே செட் பண்ணுங்கள். அதற்கும் முன்னால் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர் போடுங்கள், அப்புறம் பெட்ரோல் அளவு, இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) இரண்டையும் சரிசெய்யுங்கள். என்னைக் கேட்டால் இன்டர்கூலரோடு நிறுத்திக்கொண்டாலே போதும்.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்ததும் சாவியைத் திருகாதீர்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். இல்லையென்றால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகிக் கரியாகிவிடும்.