செர்பிய வாக்கியம் அமைக்கையில் ஆங்கிலவழிப் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செர்பிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகப் பயிலத் தொடங்குவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. ஆங்கிலத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதைச் சொல் நிற்கும் இடம் காட்டுகிறது. செர்பியத்தில் அந்த வேலையைச் சொல்லின் ஈறு செய்கிறது. இங்கே செர்பியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பதால் ஒலிப்பு ஓரளவுக்கே பொருந்தும் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

'மார்கோ வோலி யெலேனு' என்றால் மார்கோ யெலேனாவை நேசிக்கிறான் என்று பொருள். இதையே 'யெலேனு வோலி மார்கோ' என்று திருப்பிப் போட்டாலும் நேசிப்பவன் மார்கோதான். அழுத்தம் விழும் இடம் மாறுகிறது, அவ்வளவே. யெலேனா நேசிக்கிறாள் என்று சொல்ல வேண்டுமானால் 'மார்கா வோலி யெலேனா' என்று ஈறுகளை மாற்ற வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் முதலில் வரும் பெயரை எழுவாயாகக் கொள்பவர் இரண்டாவது வாக்கியத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். செர்பியத்தில் 7 வேற்றுமைகள் உள்ளன. உருபேற்ற பெயர்களை இடம் மாற்றிப் பேசியே பழகிய தமிழருக்கு இதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆண்பால் பெயர்களில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ளவற்றைக் குறிக்கும் பெயர்தான் செயப்படுபொருளாகும்போது உருமாறும்; மேசையைக் குறிக்கும் 'ஸ்தோ' அப்படியே நிற்கும்.

சொல்வரிசை நெகிழ்வானது என்று அறிந்ததும் எல்லாச் சொல்லையும் எங்கும் வைக்கலாம் என்று எண்ணிவிடுவது அடுத்த தவறு, அதுவே கடுமையான தவறும்கூட. அழுத்தம் பெறாத சில சிறுசொற்கள், குறிப்பாக 'ஸம்', 'ஸி', 'யெ' முதலிய துணைவினைகளும் 'மி' (எனக்கு), 'மு' (அவனுக்கு), 'க' (அவனை, அதை) போன்ற குறுகிய மாற்றுப்பெயர்களும், வாக்கியத்தின் இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் மாணவன் என்பதை 'யா ஸம் ஸ்துதெந்த்' என்றோ, 'யா' என்ற பெயரை விட்டு 'ஸ்துதெந்த் ஸம்' என்றோ சொல்லலாம். 'ஸம் ஸ்துதெந்த்' என்று தொடங்குவது பிழை. ஆனால் எதிர்மறை வடிவமான 'நிஸம்' அழுத்தம் பெறுவதால் 'நிஸம் ஸ்துதெந்த்' என்று முதலிலேயே வரலாம். இந்த வேறுபாட்டைப் பாடநூல்கள் இன்னும் முன்னதாகவே விளக்க வேண்டும் என்பது என் கருத்து. நேற்று யெலேனாவைப் பார்த்தேன் என்பது 'யுச்செ ஸம் விதெயோ யெலேனு'. நேற்று என்ற சொல் முன்னே வந்தவுடன் 'ஸம்' அதன் பின்னே ஒட்டிக்கொள்கிறது. சிறுசொற்கள் பல சேர்ந்து வந்தால் துணைவினை, நான்காம் வேற்றுமைப் பெயர், இரண்டாம் வேற்றுமைப் பெயர் என்ற வரிசையில் நிற்கும். அவனுக்கு அதைக் கொடுத்தேன் என்பது 'தாவோ ஸம் மு க'. படர்க்கை ஒருமைக்குரிய 'யெ' மட்டும் இறுதிக்குப் போய், 'தாவோ மு க யெ' என்றாகும். இவ்விரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுவது விதியை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும். நான் மாணவன் என்று வினையே இல்லாமல் முடிக்கும் தமிழர், 'ஸம்' என்பதை விட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னிடைச்சொல்லை மட்டும் கற்று, அது ஏற்கும் வேற்றுமையைக் கவனிக்காமல் விடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. 'இதெம் உ ஷ்கோலு' என்பது பள்ளிக்குப் போகிறேன். 'உ ஷ்கோலி ஸம்' என்பது பள்ளியில் இருக்கிறேன். இரண்டிலும் இடைச்சொல் 'உ' ஒன்றேதான். போவதையும் இருப்பதையும் ஈறுதான் பிரிக்கிறது. அதுபோல, பென்சிலால் எழுதுகிறேன் என்பதற்கு 'பிஷெம் ஓலோவ்கோம்' போதும். கருவிப்பொருளில் 'ஸ' என்ற இடைச்சொல்லைச் சேர்ப்பது பிழை. சகோதரனோடு என்ற உடனிகழ்ச்சிப் பொருளில்தான் 'ஸ ப்ரத்தோம்' என்று அது வரும். ஆல், ஓடு என்னும் இரண்டு உருபுகளையும் மூன்றாம் வேற்றுமையில் வைத்த தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இது எளிதில் பிடிபடும்.

எதிர்மறையில் ஆங்கிலம் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளும், செர்பியம் நிறுத்தாது. யாருக்கும் எதுவும் தெரியாது என்பது 'நிகோ நிஷ்தா நெ ஸ்னா'. மூன்று சொற்களிலும் எதிர்மறை உண்டு, 'நெ' இல்லாவிட்டால் வாக்கியமே நிற்காது.

விருப்பத்தைச் சொல்லும்போது 'நான்' என்று தொடங்குவது இன்னொரு ஆங்கிலப் பழக்கம். 'ஸ்விஜா மி ஸெ பெயோக்ராத்' என்பது எனக்குப் பெல்கிரேடு பிடித்திருக்கிறது என்ற தமிழ் அமைப்பையே ஒத்தது. எழுவாய் நகரம், உணர்பவர் நான்காம் வேற்றுமையில். எனக்குக் குளிர்கிறது என்பதும் 'ஹ்லத்னோ மி யெ' என்றே வரும். இங்கே ஆங்கில வாக்கியத்தை மனத்தில் அமைத்து மொழிபெயர்ப்பதைவிடத் தமிழிலிருந்து நேரே போவதே நல்லது.

நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதில் வருபவர் வேறு, விரும்புபவர் வேறு. செர்பியத்தில் 'ஜெலிம் த தோஜெஷ்' என்று 'த' என்னும் இணைப்புச்சொல்லைத் தொடர்ந்து வினை முன்னிலை ஒருமையில் திரிந்து வரும். ஆங்கிலத்தைப் பின்பற்றி வினையெச்ச வடிவத்தை இங்கே வைத்தால் வாக்கியம் சிதைந்துவிடும்.

தமிழும் உதவாத இடம் இறந்தகாலம். பார்த்தேன் என்பதை ஆண் 'விதெயோ ஸம்' என்றும் பெண் 'விதெலா ஸம்' என்றும் சொல்ல வேண்டும். ஆகவே ஆண் ஆசிரியரின் வாக்கியத்தை மாணவி அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது. ஒருவரை மரியாதையாக 'வி' என்று அழைத்தால், அவர் ஒருவரே ஆயினும், 'வி ஸ்தெ விதெலி' என்று பன்மையே வரும்; நீங்கள் பார்த்தீர்கள் என்று பெரியவரிடம் பேசுவதை நினைத்துக்கொண்டால் போதும்.