ஐபோன் வாங்கினால் போதுமா? தனியுரிமையில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

“ஐபோன் வாங்கிடு, உன் விஷயம் வெளியே போகாது” என்பார்கள். அதில் பாதி உண்மை. 2021-இல் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற நிறுவனங்களின் ஆப்களிலும் இணையதளங்களிலும் நம்மைப் பின்தொடர விரும்பும் ஆப் முதலில் நம் அனுமதியைக் கேட்டாக வேண்டும். ஆனால் ஐகிளவுட் பேக்கப்பின், அதாவது ஆப்பிள் சர்வரில் சேமிக்கப்படும் நம் போன் நகலின் சாவி வழக்கமாக ஆப்பிளிடமும் இருக்கும். அதை நம்மிடம் மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி 2022 கடைசியில் வந்தது. நாமே தேடிப்போய் ஆன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் பேக்கப்பின் பூட்டும் அப்படித்தான், நாம் போட்டால்தான் உண்டு. லட்ச ரூபாய் போன் வாங்கிவிட்டு இந்த இரண்டையும் தொடாமல் விடுபவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

ஆண்ட்ராய்டில் ஏமாறுவது வேறு இடத்தில். கேமராவையும் ரேமையும் அலசி ஆராய்பவர்கள், செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று கேட்பதில்லை. பிக்சல் 8-க்கு கூகுளும் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் 7 ஆண்டுகள் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. பல மலிவு மாடல்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. இன்னொன்று, அந்தக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்ததிலிருந்து ஓடுகிறது, நாம் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. ஆடித் தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் இரண்டு வருட அப்டேட் ஏற்கெனவே கழிந்துபோயிருக்கும். கடையில் டிஸ்ப்ளேவுக்கு வைத்திருக்கும் போனின் செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். அது ஆறு மாதம் பின்தங்கியிருந்தால் யோசிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கோஷ்டியும் உண்டு. கூகுளே வேண்டாம் என்று, கூகுள் சேவைகள் இல்லாமல் வரும் ஆண்ட்ராய்டு வகை சிஸ்டமான கிராபீன்ஓஎஸ் போடக் கிளம்புவார்கள். நல்ல சிஸ்டம்தான், ஆனால் இதுவரை பிக்சல் போன்களில் மட்டுமே ஓடியிருக்கிறது. சில வங்கி ஆப்கள் கூகுள் சான்று பெற்ற சிஸ்டமா என்று சோதித்து, இல்லையென்றால் திறக்க மறுக்கும். கடைசியில் பணம் அனுப்ப இன்னொரு சாதா போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய நேரும். உங்கள் வங்கி ஆப் அதில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

எந்த போனாக இருந்தாலும், முதல் நாள் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘அலோ’ அழுத்திவிடுகிறோம். ஆண்ட்ராய்டு 12 முதல், விளம்பரத்துக்காக நம் போனை அடையாளம் காட்டும் விளம்பர ஐடியை அழிக்கலாம், இருப்பிடத்தைத் தோராயமாக மட்டும் காட்டலாம். கடன் ஆப்களில் கூடுதல் கவனம் தேவை. போனில் உள்ள தொடர்பு எண்களையும் கால் பதிவுகளையும் கேலரியையும் அவை தொடக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்கிற ஆப்பை அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும்போதுதான் மிகப் பெரிய ஓட்டை விழுகிறது. அம்மாவுக்குப் புரியாத போனை வாங்கிக் கொடுத்தால், அதை இயக்கத் தெரிந்தவர் கைக்குத்தான் அது போகும். ரீசார்ஜ் கடைத் தம்பி ஜிமெயில் கணக்கைத் தொடங்கித் தருவார், பாஸ்வேர்டையும் அவரே வைப்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் போட்டோக்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. அதனால் பெரியவர்களைப் பொறுத்தவரை வசதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அவர்கள் படிக்கும் மொழியில் திரை இருக்கட்டும். சாம்சங்கில் எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் ‘ஈஸி மோட்’ இருக்கிறது. நீளமான பின் நம்பர் வைத்தால் அதை எழுதி போன் உறைக்குள்ளேயே செருகிவிடுவார்கள். ரேகை தேயாத விரல் என்றால் கைரேகைப் பூட்டு எளிது, ஆனால் கடையிலேயே அவர்கள் விரலை வைத்து நாலைந்து முறை திறந்து பாருங்கள். ஏற்கெனவே கடையில் தொடங்கிய கணக்கு என்றால் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக யாருடைய நம்பர் இருக்கிறது என்று சரிபாருங்கள். கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலில் தெரியாத போன் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.