அசுவினிக்கு மிட்ஜ் ஈ விடுபவர்கள் செய்யும் தவறுகள்

பசுமைக்குடிலில் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கட்டுப்படுத்த மிட்ஜ் என்ற சின்ன ஈயை விட்டுவிட்டு, நாலே நாளில் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஏஃபிடோலெட்டிஸ் ஏஃபிடிமைசா என்ற இந்த ஈ அசுவினியைத் தொடுவதே இல்லை. அசுவினி சுரக்கும் இனிப்புப் பிசுக்கை நக்கிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே முட்டையிடும். அசுவினியைக் கொல்வது அந்த முட்டையிலிருந்து வரும் புழு.

அந்தப் புழுவைத்தான் பலர் நசுக்கிவிடுகிறார்கள். இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறத்தில், முழு வளர்ச்சியில் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். புதிதாக ஏதோ பூச்சி வந்துவிட்டது என்று கை தானாகப் போகும். கொஞ்சம் பொறுத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். புழு அசுவினியின் கால் மூட்டில் கடித்து விஷத்தை ஏற்றும். சில நிமிடங்களில் அசுவினி அசைவற்றுப் போகும். சாற்றை உறிஞ்சி முடித்ததும் சுருங்கிக் கறுத்த தோல் மட்டும் இலையில் ஒட்டித் தொங்கும். கூட்டம் நெருக்கமாக இருந்தால் தின்கிற அளவையும் தாண்டிக் கொன்றுபோடும். நான் பூச்சியை எண்ணுவதை விட்டு இந்தக் கறுத்த தோல்களைத்தான் தேடுவேன்.

அடுத்தது, ஈ அடைத்து வரும் டப்பாவைத் திறக்கும் விதம். உள்ளே ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் தாங்கும் லேசான கனிமத் துகள்) கூட்டுப்புழுக்கள் இருக்கும். அதை வெயிலில் மெல்லிசாகத் தூவினால் காய்ந்துவிடும். அசுவினி இருக்கும் செடிக்குப் பக்கத்தில், நிழலில், சொட்டுநீர் விழாத இடத்தில் குவியலாக வையுங்கள். எறும்பும் அண்டக் கூடாது. ஈக்கள் சில நாட்களில் ஒவ்வொன்றாக வெளியே வரும். பகலில் கண்ணில் படவில்லையே என்று பதற வேண்டாம். அந்தி சாய்ந்த பிறகுதான் அவை பறக்கும், பகலெல்லாம் அடி இலைகளில் பதுங்கியிருக்கும்.

தரையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வளர்ந்த புழு கீழே விழுந்து, மேல்மண்ணில் கூடு கட்டும். பிளாஸ்டிக் ஷீட்டோ சிமென்ட்டோ போட்டிருந்தால் அடுத்த தலைமுறை பெரும்பாலும் உருவாகாது. அப்படிப்பட்ட குடிலில் ஒருமுறை விட்டால் போதும் என்று நினைக்காமல், வாரம் தவறாமல் விடவேண்டும். வேறு பூச்சியைக் கொல்ல மண்ணில் ஊற்றும் நூற்புழுக்களும் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புழுக்கள்) இந்தக் கூடுகளைக் காலி செய்யக்கூடும்.

இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லி மருந்தை அடித்துவிட்டு மறுநாளே ஈயை விடுவது வீண் செலவு. அதன் எச்சம் வாரக்கணக்கில் நிற்கும்.

அப்புறம், பருவம். பகல் குறுகி, குளிரும் கூடினால் புழுக்கள் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். 20 முதல் 25 டிகிரி வெப்பமும் நீண்ட பகலும் இருந்தால் நன்றாக வேலை செய்யும். செடிக்கு நாலைந்து அசுவினிதான் இருக்கிறது என்றாலும் இந்த ஈ சரிப்படாது. கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் நிறைய முட்டையிடும். அங்கங்கே ஒன்றிரண்டாக இருப்பதைத் தேடிப் பிடிக்க அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவியே கெட்டிக்காரன்.