டெல்லியில் அறை போடும் முன் மெட்ரோ வரைபடத்தைப் பாருங்கள்

டெல்லி சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் செங்கோட்டைக்குப் பக்கத்தில்தான் தங்க வேண்டும் என்று தேடாதீர்கள், மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தில் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அறை பாருங்கள். சாந்தினி சௌக் (செங்கோட்டைக்குப் பக்கம்), புது டெல்லி ரயில் நிலையம், ராஜீவ் சௌக் (கன்னாட் பிளேஸ்), குதுப் மினார் எல்லாம் அந்த ஒரே தடத்தில் வந்துவிடும், விமான நிலைய மெட்ரோவும் புது டெல்லியில்தான் தொடங்குகிறது, அதனால் இந்தி தெரியாமல் ஆட்டோவுக்குப் பேரம் பேசும் பாடு பெரிதும் குறையும் (குதுப் மினாருக்கு மட்டும் நிலையத்திலிருந்து ஆட்டோ வேண்டும்). நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் கரோல் பாக் பகுதி நீலத் தடத்தில் இருக்கிறது, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறினால் போதும், அதுவும் சரிதான்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால் இது ஒத்துவராது, நிலையங்களுக்குள்ளேயே நடை அதிகம். நள்ளிரவு விமானத்துக்கும் மெட்ரோ கிடையாது.